சுவர்க்கோழியின் காதுக்குள் இருபது வருஷம்

2002 அக்டோபரில் ஜெர்மனிக்குப் போய், சுவர்க்கோழியின் கேட்கும் நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சியில் சேர்ந்தேன். 2003 நவம்பரில், அதுவரை எடுத்த பதிவுகளில் முக்கால்வாசியை ஒதுக்கி வைத்தேன். எலக்ட்ரோடு சரியாகத்தான் இருந்தது. ஆம்ப்ளிஃபையரிலும் குறையில்லை. நரம்பு சொன்னதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஏறியிருந்தது. ஆனால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் அந்தப் பூச்சி இருந்ததா என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு வருஷம் போனது எப்படி, அதற்குப் பிறகு என்ன மாற்றிக்கொண்டேன் என்பதை, இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

என் பூச்சி சுவர்க்கோழி. சில ஊர்களில் சில்வண்டு என்பார்கள். லேபில் நான் வளர்ப்பது கிரில்லஸ் பைமாகுலேட்டஸ் என்ற இனம். கறுப்பாக, றெக்கை தொடங்கும் இடத்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகளோடு இருக்கும். ஆப்பிரிக்கா, தெற்கு ஐரோப்பா, ஆசியா எல்லா இடத்திலும் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில், அப்பத்தா படுக்கும் திண்ணைக்கு அடியிலிருந்த வெடிப்பில் எப்போதும் ஏதோ ஒரு சுவர்க்கோழி கத்திக்கொண்டிருக்கும். எங்கே இருக்கிறது என்று தேடிக் கிட்டே போனால் சட்டென்று நிறுத்திவிடும். “நடக்காம ஒரு எடத்துல உக்காருடீ, அது தானா கத்தும்” என்பார் அப்பத்தா. உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கும்.

கத்துவது ஆண் மட்டும்தான். அதுவும் வாயால் இல்லை. வலது றெக்கையின் அடியில், இலை நரம்பு போல ஓடும் ஒரு கோடு முழுக்க ரம்பம் மாதிரிப் பற்கள் இருக்கின்றன. இடது றெக்கையின் ஓரத்தில் ஒரு சுரண்டி. றெக்கையை மூடும்போது சுரண்டி அந்தப் பற்களின் மேல் ஓடுகிறது, சீப்பின் பல்லில் நகத்தை இழுத்த மாதிரி. ஒரு தடவை மூடினால் ஒரு துடிப்பு. சுமார் 20 மில்லிசெகண்ட் சத்தம், அதே அளவு இடைவெளி, மறுபடி சத்தம். இப்படி மூன்று நான்கு துடிப்பு சேர்ந்ததுதான் நம் காதுக்கு ஒரே ‘கிர்ர்’ ஆகக் கேட்கிறது. சுருதி ஏறக்குறைய 4.8 கிலோஹெர்ட்ஸ். பெண் இதைக் கேட்டு ஆணைத் தேடி வரும். கேட்பது முன்னங்காலால். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, எள்ளைவிடச் சின்னதாக ஒரு செவிப்பறை.

பெண் சத்தத்தைக் கேட்டுத்தான் வருகிறதா, வாசனையைப் பிடித்து வருகிறதா என்ற சந்தேகம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இருந்தது. அதைத் தீர்த்தவர் வியன்னாவில் பள்ளி ஆசிரியராக இருந்த யோகான் ரேகன். 1913-ல் ஒரு ஆணை டெலிபோன் முன்னால் பாடவைத்து, மறுமுனையில் ரிசீவருக்குப் பக்கத்தில் பெண்ணை விட்டார். பெண் நேராக ரிசீவரை நோக்கி நடந்தது. எங்கள் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். எலக்ட்ரோடு இல்லை, கணக்கு இல்லை. பூச்சி என்ன செய்கிறது என்று பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்கு வந்த வேலை, அந்தப் பாட்டு காதிலிருந்து மூளைக்குப் போகும் வழியில் இருக்கும் நரம்பு செல்களில் பதிவு எடுப்பது. முன்மார்பில் ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது, கடுகளவுகூட வராது. காதிலிருந்து வரும் இழைகள் அங்கேதான் சேர்கின்றன. அங்கே ‘ஏஎன்1’ என்று ஒரு செல், பக்கத்துக்கு ஒன்று. சுவர்க்கோழிப் பாட்டின் சுருதிக்குத்தான் அது நன்றாகத் துடிக்கும், அதாவது மின்துடிப்பு விடும், அப்படித் துடித்துச் செய்தியை மேலே மூளைக்கு அனுப்பும். அதன் பக்கத்திலேயே ‘ஒமேகா’ என்று ஒரு ஜோடி, கிரேக்க எழுத்தின் வடிவம் என்பதால் அந்தப் பேர். இடது ஒமேகா வலதை அடக்கும், வலது இடதை அடக்கும். சத்தம் எந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஓங்கி நிற்கும். இரண்டு காதுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் தூரம், அந்த ஒலியின் அலைநீளமோ 7 சென்டிமீட்டர். அப்படியும் திசை பிடிக்கிறது. இரண்டு காதையும் உடம்புக்குள் இணைக்கும் ஒரு காற்றுக்குழாய்தான் காரணம். வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் வரும் அழுத்தம் செவிப்பறையில் மோதி, திசைக்குத் திசை வித்தியாசம் பெரிதாகிறது. எத்தனை தடவை பாடம் எடுத்தாலும், இந்த இடம் வரும்போது எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பதிவு எடுப்பது கைவேலை. பூச்சியை ஐஸில் குளிரவைத்து, மல்லாக்கப் போட்டு, மெழுகால் கால்களை நிறுத்தி, முன்மார்பில் ஒரு சின்ன ஜன்னல் வெட்ட வேண்டும். உள்ளே வெள்ளை முத்துப் போல நரம்பு முடிச்சு தெரியும். மூச்சுக்கு மூச்சு அது ஆடும் என்பதால் அடியில் வெள்ளித் தகடு ஒன்றைக் கரண்டி மாதிரிக் கொடுத்துத் தாங்கிப் பிடிப்போம். எலக்ட்ரோடு என்பது கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்த ஊசி. நுனி கண்ணுக்குத் தெரியாது, 40, 50 மெகாஓம் என்று மின்தடையை வைத்துத்தான் அது உடையாமல் இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

முதல் மூன்று மாதம் எனக்குக் கிடைத்தது 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மட்டும்தான். சுவரில் ஓடும் கரண்ட் எலக்ட்ரோடில் ஏறி, திரையில் அழகாக அலை அலையாக வரும். எர்த் ஒயரை எங்கெங்கோ மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு சாயங்காலம், லேப் டெக்னீஷியன் அம்மா ஒருவர் வந்து, எல்லா ஒயரையும் கழற்றச் சொன்னார். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் எவ்வளவு என்று எழுதச் சொன்னார். ஏழாவதாக மாட்டியது மைக்ரோஸ்கோப் விளக்கு. அதுதான் குற்றவாளி. நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. பழுது பார்க்க இதைவிட நல்ல வழி இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கழற்று, ஒவ்வொன்றாகச் சேர், ஒவ்வொரு அடியிலும் அளவை எழுது. இரண்டு ஒயரை ஒரே நேரத்தில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமலே போய்விடும்.

இரைச்சல் போனதும் செல் கிடைக்க ஆரம்பித்தது. மளமளவென்று பதிவு எடுத்தேன். 60 பெண்ணுக்கு மேல் இருக்கும். பாட்டின் வேகத்தை மாற்றி மாற்றிப் போட்டு, எந்த வேகத்துக்கு நரம்பு எப்படித் துடிக்கிறது என்று வரைந்தேன். வரைபடம் ஒன்றோடொன்று சேரவே இல்லை. ஒரு பூச்சி ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி. உயிரினம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வழிகாட்டி வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: “இந்தப் பெண்களில் எத்தனை, பாட்டைக் கேட்டால் நடந்து போகும்?”

எனக்குத் தெரியவில்லை. வயதும் தெரியாது, ஏற்கெனவே ஆணோடு சேர்ந்ததா என்றும் தெரியாது. கடைசித் தோலை உரித்து ஒரு வாரம் சுமாருக்கு ஆனால்தான் பெண் பாட்டுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும். ஆணோடு சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் அந்த நாட்டம் குறைந்துவிடும். நான் பெரிய டப்பாவிலிருந்து கைக்கு வந்ததைப் பிடித்திருந்தேன். அதைவிட மோசமானது வெப்பநிலை. மார்ச்சில் எடுத்த பதிவும் ஆகஸ்டில் எடுத்த பதிவும் ஒரே கோப்பில் கிடந்தன, அறை எத்தனை டிகிரி என்று எதிலும் எழுதவில்லை. சூடு ஏறினால் பாட்டின் வேகம் ஏறும் என்பது இந்தத் துறையில் அரிச்சுவடி. 1897-லேயே டால்பேர் என்ற இயற்பியலாளர், பூச்சி எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணி வெப்பநிலையைச் சொல்ல ஒரு சூத்திரமே எழுதினார். பாடும் ஆணுக்கு மட்டும் இல்லை, கேட்கும் பெண்ணுக்கும் பிடித்த வேகம் சூட்டோடு சேர்ந்து மாறுகிறது. அதைப் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எழுதவில்லை.

அடுத்த ஆறு வாரம் எலக்ட்ரோடையே தொடக்கூடாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். டிராக்பாலில் உட்காரவைத்தார். ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு தெர்மகோல் பந்து, கீழிருந்து வரும் காற்றில் மிதக்கும். பூச்சியின் முதுகில் ஒரு ஊசியை மெழுகால் ஒட்டி, பந்தின் மேல் நிற்கவைப்போம். அது நடப்பதாக நினைக்கும், உருள்வது பந்து. அடியில் கம்ப்யூட்டர் மவுஸில் இருக்கும் அதே சென்சார் உருளலை அளக்கும். இடது பக்கமும் வலது பக்கமும் ஒலிபெருக்கி. இருட்டு அறை, சிவப்பு விளக்கு, ஒரு நாற்காலி.

முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது வாரம் வேறு ஏதோ கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. பாட்டுப் போட்டதும் பெண் உடனே ஓடாது. மீசை இரண்டும் முன்னால் வரும், நிற்கும், கொஞ்சம் நடந்து மறுபடி நிற்கும். பிறகு ஒரு தடவை முடிவு எடுத்துவிட்டால் அரைமணி நேரம்கூட விடாமல் நடக்கும். இடது பக்கத்துக்குப் பாட்டை மாற்றினால் அந்தத் துடிப்பிலேயே தலையைத் திருப்பிவிடும். பெர்தோல்டு ஹெட்விக், ஜேம்ஸ் பூலெட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் 55 முதல் 60 மில்லிசெகண்டுக்குள் திரும்புகிறது என்று காட்டினார்கள். முழுப் பாட்டையும் மூளை கேட்டு யோசித்து அப்புறம் திரும்பும் என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. கட்டுரையைப் படித்தபோது, இருட்டு அறையில் நான் பார்த்த அந்தத் தலைத்திருப்பல் கண் முன்னால் வந்தது. நான் அளக்கவில்லை, ஆனால் பார்த்திருந்தேன்.

டிராக்பாலிலும் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டத்தில் என் பெண்கள் எல்லாம் வலது பக்கமாகச் சாய ஆரம்பித்தன. பாட்டு எந்தப் பக்கம் வந்தாலும் ஒரு வலது சாய்வு. காதில் இடது வலது வித்தியாசம் இருக்கிறது, பெரிய விஷயம் கையில் கிடைத்தது என்று ராத்திரி தூக்கமில்லை. ஒரு வாரம் கழித்து, பாட்டே போடாமல் ஓடவிட்டேன். அப்போதும் வலது பக்கம். சென்சார் அரை மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து மூன்று பழக்கம் என் லேபில் கட்டாயம். நாள் தொடங்கும்போதும் முடியும்போதும் மௌனத்தில் ஐந்து நிமிஷப் பதிவு. பாதி நாளில் ஒலிபெருக்கிகளை இடம் மாற்றுவது. எந்தப் பக்கம் பாட்டு என்று தெரியாத ஒருவர் தரவை எண்ணுவது. ஏதாவது அதிசயமாகக் கிடைத்தால் முதலில் கருவியைச் சந்தேகப்பட வேண்டும். இதைக் கேட்கும்போது மாணவர்களின் முகம் வாடிவிடும், தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு வாரம் கழித்து, டிராக்பாலில் நன்றாக நடந்த பெண்ணை மட்டும் எடுத்து, அதே நாளில், அதே 25 டிகிரியில் பதிவு எடுத்தேன். ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு, எலக்ட்ரோடை மைக்ரோமீட்டர் மைக்ரோமீட்டராக இறக்கிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரோடு பிடிப்பதைச் சத்தமாகக் கேட்க வைத்திருந்த ஸ்பீக்கரில் வெறும் ‘ஸ்ஸ்’. நுனியை செல்லுக்குள் நுழையவைக்கும் பட்டனை ஒரு தட்டு. மின்னழுத்தம் சடாரென்று மைனஸ் 60 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கி அப்படியே நின்றது. பாட்டைப் போட்டேன். ‘கிர்ர்’ என்று ஒலிபெருக்கி சொன்னதும் ‘டரர், டரர், டரர்’ என்று செல் பதில் சொன்னது. துடிப்புக்குத் துடிப்பு, ஒன்றுகூடத் தவறாமல். இருபது நிமிஷம் அது என் கையில் இருந்தது. கடைசியில் எலக்ட்ரோடு வழியாக லூசிஃபர் மஞ்சள் என்ற ஒளிரும் சாயத்தை உள்ளே ஏற்றி, காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் ஒரு செல் மட்டும் மஞ்சளும் பச்சையுமாக, கிளை கிளையாக, வேரோடு பிடுங்கிய செடி மாதிரி எரிந்துகொண்டிருந்தது. அந்தப் படம் இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அடுத்த மூன்று மாதத்தில் எடுத்த 14 பதிவுகள், அதற்கு முந்தைய 60-ஐ விட அதிகம் சொல்லின. வரைபடங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் யோசனையை மாற்றியது அது. சுவர்க்கோழிக்கு இன்னொரு கேட்கும் செல் உண்டு, வவ்வால் விடும் மீயொலிக்குத் துடிப்பது. 1984-ல் நோலன், ஹாய் என்ற இருவர் அந்த ஒரு செல்லைத் தூண்டினாலே பூச்சி வவ்வாலிடமிருந்து தப்பும் திசைக்கு உடம்பை வளைக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் பறந்துகொண்டிருக்கும்போது மட்டும். பறக்காதபோது அதே செல்லை அதே அளவு தூண்டினாலும் ஒன்றும் நடக்காது. செல் அதேதான், துடிப்பும் அதேதான். பூச்சி அந்த நேரத்தில் எந்த வேலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தத் துடிப்புக்கு அர்த்தம் வருகிறது, அல்லது வராமல் போகிறது. பாடும் ஆணின் கதையும் இதேதான். தன் பாட்டே தன் காதில் 100 டெசிபல் அளவுக்கு அறையும். அப்படியும் அது செவிடாவதில்லை. பாடும் கட்டளையின் ஒரு பிரதியைக் காதுப் பாதைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு துடிப்பின்போதும் கேட்பதை அமுக்கிவைக்கும் ஒரு செல்லை 2006-ல் பூலெட்டும் ஹெட்விக்கும் கண்டுபிடித்தார்கள். பூச்சியைச் சும்மா மல்லாக்கப் போட்டு ஒலி கொடுத்துக்கொண்டிருந்தால் இவை இரண்டுமே யாருக்கும் தெரிந்திருக்காது.

2011-ல் இந்தியா திரும்பினேன். சொந்த லேப், இரண்டு அறை. கருவி வந்து சேரப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் பூச்சி வளர்ப்பைத் தொடங்கினேன், அது ஒரு தனிப் பாடம். முட்டை அட்டையை அடுக்கிவைத்தால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும், ஒன்றையொன்று கடித்துத் தின்பது குறையும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள், குஞ்சுகள் விழுந்து செத்துப்போகும். பஞ்சை நனைத்து வையுங்கள். ஈர மணல் டப்பாவில் முட்டை இடும், 28 டிகிரியில் இரண்டு வாரத்துக்குள் பொரிக்கும். நம் ஊரில் பெரிய எதிரி எறும்பு. வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே மாதிரி ரேக்கின் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் எறும்பு மிதந்து தாண்ட முடியாது.

2013 பொங்கல் விடுமுறையில் கட்டடம் முழுக்கக் கரப்பானுக்கு மருந்து அடித்தார்கள். யாரும் எங்களிடம் கேட்கவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியிலேயே புரிந்துவிட்டது. இரண்டு வருஷ வளர்ப்பு, நான்காயிரம் பூச்சிக்கு மேல், ஒன்று மிச்சமில்லை. மாணவி ஒருத்தி தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அதன் பிறகு, பாதி வளர்ப்பை வேறு கட்டடத்தில் வைக்கிறேன். கதவில் மூன்று மொழியில் அறிவிப்பு இருக்கிறது. காவலர், துப்புரவுப் பணியாளர் எல்லோரையும் வருஷத்துக்கு ஒரு நாள் உள்ளே அழைத்துப் பூச்சி பாடுவதைக் கேட்கவைக்கிறோம். அறிவிப்பைவிட அதுதான் வேலை செய்கிறது. போன வருஷம் மருந்து அடிக்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி எனக்கு போன் பண்ணியவர் காவலர் அண்ணன்தான்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. சுவர்க்கோழி, வெட்டுக்கிளி வளர்ப்பவர்களுக்கு ஒவ்வாமை வருவது தெரிந்த விஷயம். கழிவும் உரித்த தோலும் தூளாகிக் காற்றில் கலக்கும். எட்டு வருஷம் எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்பதாவது வருஷம் கண் அரித்தது, பத்தாவது வருஷம் மூச்சு இழுத்தது. இப்போது டப்பா சுத்தம் செய்யும் அறைக்குள் நான் போவதே இல்லை. முதல் நாளிலிருந்து முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். அப்போது அசட்டையாக இருந்ததற்கு இன்று நான் இன்ஹேலர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வருஷா வருஷம் நேர்காணலில் ஒரு கேள்வி வரும், பூச்சி மூளையைத் தெரிந்து என்ன பயன் என்று. நான் சொல்வது இதுதான். ஒரு பாட்டின் தாளத்தை ஒரு மூளை எப்படி அடையாளம் காண்கிறது என்பதற்கு, செல் செல்லாக முழு விடை கிடைத்த இடங்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதில் ஒன்று சுவர்க்கோழியின் மூளை. 2015-ல் ஷோனைக், கோஸ்தராகோஸ், ஹெட்விக் மூவரும் ஐந்தே ஐந்து செல்களில் அதைக் காட்டினார்கள். ஒரு துடிப்பின் செய்தி கொஞ்சம் தாமதித்து, அடுத்த துடிப்பு வரும் நேரத்தில் அதோடு சேர்கிறது. இடைவெளி சரியாக இருந்தால்தான் இரண்டும் ஒன்றாக வந்து, கடைசி செல் துடிக்கும். இல்லாவிட்டால் துடிக்காது. இதைப் படித்த அன்று மாணவர்களை எல்லாம் கூட்டி, பலகையில் வரைந்து காட்டினேன். மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான்.

இப்போது நான் லேபில் இருப்பதைவிட வெளியில் இருப்பது அதிகம். இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் குழு ஆராய்ந்த மரச் சுவர்க்கோழி ஒன்று எங்கள் பக்கத்துப் புதர்களிலும் இருக்கிறது. சில ஆண்கள் இலையின் நடுவில் ஒரு ஓட்டை வெட்டி, அதில் உடம்பை நுழைத்து, இலையையே ஒலிப்பலகை ஆக்கிப் பாடும். சத்தம் கூடும். எல்லா ஆணும் அப்படிச் செய்வதில்லை. உருவம் சின்னதாக, சத்தம் குறைவாக இருப்பவைதான் பெரும்பாலும் செய்யும் என்று 2020-ல் அவர்கள் வெளியிட்டார்கள். அந்த வெட்டுகிற நேரத்தில் நரம்பில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்னால், எப்போது வெட்டுகிறது என்று தெரிய வேண்டும். அதனால் போன செப்டம்பர் முழுக்க ராத்திரி ராத்திரி புதருக்குள் உட்கார்ந்திருந்தோம்.

புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி, முதல் வாரம் தினமும் வந்து சொன்னாள்: “மேடம், இன்னைக்கும் ஒண்ணும் நடக்கல. சும்மா உக்காந்துட்டு வந்தேன்.” சரி, நாளைக்கும் போ என்றேன். ஒன்பதாவது ராத்திரி நானும் கூடப் போனேன். சிவப்பு டார்ச்சைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு புதர் முன்னால் உட்கார்ந்தோம். அவள் புதரில் இருந்த ஆண், முதுகில் பச்சைச் சாயப் புள்ளி வைத்தது, இலையின் நடு நரம்பருகே வாயை வைத்துக் கடிக்கத் தொடங்கியது. கடித்துக் கடித்து, நடுநடுவே நிறுத்தி, மீசையால் ஓட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தது. அவள் மூச்சுகூட விடவில்லை. தலையையும் தோளையும் உள்ளே விட்டு, றெக்கையைத் தூக்கி அது பாடத் தொடங்கியதும், இருட்டில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. டார்ச் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன். நோட்டின் முதல் வரியில் அவள் எழுதியிருந்தது: மணி 7.52, 22.5 டிகிரி.